பதினொரு பெயர், பத்து ஆட்கள்

துறைமுகச் சுற்றுப்போட்டியின் தெரிவுக்குழுவுக்கு நீங்கள் மூன்று பேர் புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். அந்தக் குழுவில் இருந்த காலமெல்லாம் சேர்த்து எனக்குக் கிடைத்தவை ஒரு குடை, இரண்டு பாராட்டுரைகள், இன்னும் மாறாத ஒரு வயிற்றெரிவு. குடையைப் பிறகு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவை என்னிடம் இருக்கின்றன.

உங்களுக்கு உதைபந்து நன்றாகத் தெரியும் என்கிறார்கள். பந்து தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்ததில்லை. ஆனால் அது மட்டும் போதும் என்று நினைத்து வந்திருந்தால், நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் குழுவுக்குள் வந்த முதல் வருஷம் நாங்கள் மிகவும் நேர்மையாக நடந்துகொண்டோம். அந்த நேரம் திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களின் மாலுமிகள் கப்பலுக்கு ஓர் அணியாக விளையாடினார்கள். எங்கள் துறைமுகத் தொழிலாளரும் ஓர் அணி. எல்லா ஆட்டமும் முடிந்தபின், எல்லா அணிகளிலும் இருந்து சிறந்த பதினொருவரைத் தெரிந்தெடுத்து, அவர்களைச் சனிக்கிழமை ஒரு கண்காட்சி ஆட்டத்தில் இறக்குவது வழக்கம். நாங்கள் செவ்வாய்க்கிழமை கூடியிருந்து, ஒவ்வொருவருடைய ஆட்டத்தையும் அலசி, பதினொருவரைத் தெரிந்தோம். குறை சொல்ல முடியாத தெரிவு. சனிக்கிழமை வந்தபோது அவர்களில் நான்கு பேர் தேயிலைப் பெட்டிகளோடு வங்காள விரிகுடாவில் போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சம் நின்ற கப்பல்களில் சமையற்காரரைப் பிடித்து இடங்களை நிரப்பினோம். ஒருவர் ஏப்ரனைக் கழற்றாமலே வந்தார்.

அன்றிலிருந்து நான் ஒருவனுடைய ஆட்டத்தைப் பார்க்கும் முன்பு, அவனுடைய கப்பலில் ஏற்றுவதற்கு இன்னும் எத்தனை பெட்டி கிடக்கிறது என்று விசாரிப்பேன். நீங்களும் விசாரியுங்கள். திறமையைப் பிறகு பார்க்கலாம். திறமை ஓடிப்போகாது. கப்பல் போய்விடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பல வருஷம் பிந்தியது. அந்தத் தடவை நான்கு கப்பல்கள் நின்றன: கிரேக்கம், போலந்து, பாகிஸ்தான், ஜப்பான். எங்களோடு சேர்த்து ஐந்து அணிகள். சிறந்த பதினொருவர், வந்து நின்ற ஒரு போர்க்கப்பலின் அணியோடு விளையாடுவதாக ஏற்பாடு. போர்க்கப்பல் என்றபடியால் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி, வாசலில் தோரணம், தலைவருக்கு ஒரு புது கோட்.

தலைவர் துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தர். பெயர் வேண்டாம். நான் கப்பல் கந்தோரில் கிளாக்கர். குழுவின் கணக்குவழக்கு என் பொறுப்பு. மூன்றாமவர் பாடசாலை மாஸ்ரர் ஒருவர், பந்தைப் பார்த்தால் வீட்டை மறந்துவிடுவார். தலைவர் எல்லா ஆட்டத்துக்கும் வந்தார். ஆனால் பந்தலுக்குக் கீழே விருந்தாளிகளுக்கு முகம் கொடுத்தபடி இருந்தார், பந்துக்கு முதுகு. எனக்கும் மாஸ்ரருக்கும் வேலை நேரம் ஒத்துவரவில்லை. கிரேக்கரின் ஆட்டங்களை நான் பார்த்தேன், போலந்துக்காரரின் ஆட்டங்களை அவர் பார்த்தார். குலுக்கலில் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எதையும் எண்ணுகிறவன். ஒவ்வொருவனும் பந்தை எத்தனை தரம் பறித்தான், எத்தனை தரம் தொலைத்தான், எத்தனை தரம் சும்மா கையைத் தூக்கி மத்தியஸ்தரைப் பார்த்தான் என்று கோடு போட்டு வைப்பேன். என் கணக்கில், நான் பார்த்த நான்கு அணிகளிலும் சேர்த்து ஏழாவதாக வந்தவன் எங்கள் அணியின் இடப்பக்கப் பின்வரிசைக்காரன், கிண்ணியா சலீம். எங்கள் கோல் காப்பாளரும் நடு ஆட்டக்காரரும் அவனுக்கு ஓரிரண்டு இடம் முன்னால்.

சலீமுக்கு அந்த வருஷம் ஏழாவது இடம் சின்ன விஷயம் அல்ல. எட்டு வருஷமாக நாட்சம்பளத்தில் வேலை. விடியக் கிண்ணியாத் துறையைப் படகில் தாண்டி, பஸ் பிடித்து, துறைமுக வாசலில் வந்து நிற்பான். பெயரைக் கூப்பிட்டால் வத்தை என்ற சரக்குப் படகில் இறங்கி மூட்டை பறிப்பான். கூப்பிடாவிட்டால் வந்த வழியே திரும்புவான். அந்தத் தடவை நிர்வாகம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: சிறந்த பதினொருவரில் இடம் பிடிக்கிற நாட்சம்பளக்காரர் எவரும் நிரந்தரமாக்கப்படுவார். நிர்வாகத்துக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை. எங்கள் அணியில் நாட்சம்பளக்காரன் சலீம் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழு கூடியது. நான் என் தாள்களை விரித்தேன். தலைவர் அவற்றைக் கையால் மெல்ல ஓரமாக ஒதுக்கினார்.

"கிளாக்கர், அஞ்சு கொடி. கொடிக்கு ரெண்டு பேர். ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லை."

"சேர், அது பத்துப் பேர்தான்."

"மிச்சம் ஒண்டைப் போலந்துக்குக் குடுப்பம். அந்தக் கப்டன் நல்ல மனிசன்."

நல்ல மனிசன்தான். முதல் நாள் பின்னேரம் அவருடைய கப்பலில் தலைவருக்கு விருந்து நடந்தது ஊருக்கே தெரியும். மாஸ்ரருக்கு விருந்து கிடையாது, அவர் உண்மையாகவே சொன்னார்: "அவங்களின்ரை நடுவரிசையிலை வலப்பக்க ஹாஃப் ஒருத்தன் இருக்கிறான், மொட்டைத் தலை. காத்து மாதிரி ஓடுறான். அவனைப் போடலாம்."

கிரேக்கருக்கு உரிய இரண்டு இடத்தில் ஒன்றை நான் அவர்களுடைய இடப்பக்க முன்வரிசைக்காரனுக்குக் கேட்டு வாங்கினேன். தலையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு விளையாடுகிறவன். என் கணக்கில் அவன்தான் முதலாவது. எங்கள் துறைமுகத்தின் இரண்டு இடங்களும் கோல் காப்பாளருக்கும் நடு ஆட்டக்காரருக்கும் போயின. சலீம் வெளியே.

அவனுக்குச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. வாசலடியில் நின்றான்.

"எத்தனையாவது ஆளா விட்டுப் போச்சு, சேர்?"

"பன்னிரண்டாவது எண்டு வைச்சுக்கொள்ளும்."

"அப்ப கிட்டத்தான்," என்று சிரித்தான். "எட்டு வருசமா வாசல்லயும் அப்படித்தான். எனக்கு முன்னுக்கு நிக்கிறவனோட கூப்பிடுறத நிப்பாட்டிருவாங்க."

அடுத்த நாள் காலை, தெரிவானவர்களுக்கான அழைப்புகளைக் கப்பல் கப்பலாகக் கொடுக்கத் துறைமுக லோஞ்சுப் படகில் போனேன். கிரேக்கக் கப்பலில் அந்த முன்வரிசைக்காரன் எண்ணெய்க் கையோடு வந்து வாங்கி, என் கையையும் எண்ணெயாக்கி விட்டான். தலையில் வெள்ளைத் துண்டு. அங்கிருந்து போலந்துக் கப்பலுக்குப் போனேன். மூன்று அழைப்புகளில் இரண்டை ஒழுங்காகக் கொடுத்தேன். மூன்றாவதில் இருந்த பெயரை வாசித்ததும் துணை மாலுமி அதிகாரி இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு என்னைப் பின்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே நல்ல உயரமான ஒரு மனிதர் கன்வஸ் கதிரையில் சாய்ந்திருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். இடது கால் ஒரு பெட்டிமேல். பாதத்திலிருந்து முழங்கால் வரை கட்டு. தலை நிறையச் செம்பட்டை மயிர்.

"நீங்கள் கேட்ட ஆள் இவர்தான்," என்றார் அதிகாரி. முந்திய துறைமுகத்தில் ஏணியால் விழுந்தவராம். இங்கே வந்தபிறகு கரையில் கால் வைக்கவே இல்லையாம்.

"அப்படியென்றால் விளையாடியது யார்?"

அவர் வெட்கப்படாமல் பெருவிரலால் நான் வந்த பக்கத்தைக் காட்டினார். கிரேக்கக் கப்பல். தங்களுக்கு ஆள் குறைவு. கிரேக்கருக்கு ஆட்டம் இல்லாத நாட்களில் அவர்களுடைய ஆள் ஒருவனை இரவல் வாங்கினார்களாம். கப்பலின் சொந்த ஆட்கள்தான் விளையாடலாம் என்று நாங்கள் விதி போட்டிருந்தபடியால் பெயர் மட்டும் இவருடையது. தங்கள் அணியில் விளையாடும்போது தலைத்துண்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்களாம், அடையாளம் தெரியாமல் இருக்க.

காற்றைப்போல் ஓடும் மொட்டைத் தலையனும் வெள்ளைத் துண்டுக்காரனும் ஒரே ஆள். ஐந்து அணிகளிலும் சிறந்த ஆட்டக்காரனை நாங்கள் சரியாகக் கண்டுபிடித்திருந்தோம். இரண்டு தரம் கண்டுபிடித்திருந்தோம். கட்டுப்போட்ட மனிதர் உருளைக்கிழங்குக் கத்தியை நெற்றிக்குக் கொண்டுபோய் எனக்கு மரியாதை செய்தார்.

திரும்பும் வழியில் லோஞ்ச் ஆடியதைவிட நான் அதிகம் ஆடினேன். பதினொரு பெயர், பத்து ஆட்கள். பின்னேரம் ஆட்டம். போர்க்கப்பலின் கப்டன் வருகிறார், ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள். நேரே மாஸ்ரரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவன்ரை ஓட்டத்தைப் பாத்து நான் கை தட்டினனான் ஐசே," என்றார். பிறகு, "உடனை போய்த் தலைவருக்குச் சொல்லும்."

"இப்ப சொன்னா என்ன நடக்கும்?"

"வேறை ஆளைப் போடுவார்."

"ஆரை?"

எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பத்து மணிக்குச் சொன்னால் பன்னிரண்டு மணிக்குள் இன்னொரு போலந்துக்காரன் வந்துவிடுவான், உருளைக்கிழங்கு சீவுகிற இரண்டாவது ஆளாக இருந்தாலும்.

"நாலரைக்கு ஆட்டம்," என்றேன். "நாலேகாலுக்குச் சொன்னா, மைதானத்திலை சப்பாத்தோடை நிக்கிற ஆளைத்தான் போடலாம்."

"அப்ப நீர் பொய் சொல்லப் போறீரோ?"

"இல்லை மாஸ்ரர். உண்மையைத்தான் சொல்லப் போறன். கொஞ்சம் பிந்திச் சொல்லப் போறன்."

"உம்மை எங்கையாவது காட்டுக்கு மாத்துவாங்கள்."

அது எனக்குத் தோன்றாமல் இல்லை. இடமாற்றம் ஒன்று, சம்பள உயர்வு நிற்பது இரண்டு, மனைவியின் ஏச்சு மூன்று என்று லோஞ்சிலேயே எண்ணி முடித்திருந்தேன். ஆனால் அந்தப் பதினோராவது இடத்தில் ஓர் ஆளே இல்லை. இல்லாத ஆள் ஒருவனுக்காக, இருக்கிற ஆள் ஒருவன் வாசலில் நிற்க வேண்டுமா என்றுதான் மனம் திரும்பத் திரும்பக் கேட்டது.

சலீமைப் பஸ் நிலையத்தில் பிடித்தேன். அன்றும் பெயர் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போக நின்றான்.

"நாலு மணிக்கு மைதானத்துக்கு வாரும். சப்பாத்தும் கொண்டு வாரும்."

"சப்பாத்து சாமான் வைக்கிற கிட்டங்கியில கெடக்கு. நேத்து ஆள் வேணாம் எண்டீங்க. இண்டைக்குச் சப்பாத்து வேணுமா? ஆர்ர சப்பாத்துக்கு நூல் கட்டிவிட?"

"காரணம் கேளாதேயும்."

"ஆட்டம் பாக்க வாறதுக்குச் சப்பாத்து என்னத்துக்கு சேர்?"

"காலிலை போட."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நடக்காமல் போனால் இரண்டாம் தரமும் அவன் முகத்தில் விழிக்க என்னால் ஏலாது.

நாலு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. எங்கிருந்தோ வந்த இரண்டு மான்களைக் கோல் கம்பத்தடியில் இருந்து துரத்திக்கொண்டிருந்தார்கள். கிழக்குப் பக்கம் முழுக்கக் கிண்ணியா ஆட்கள். சலீம் தெரிவாவான் என்ற நம்பிக்கையில் ஒரு கிழமைக்கு முந்தியே வாகனம் பேசி வைத்திருந்தார்கள். பேசின வாகனத்தை விட மனமில்லாமல் வந்துவிட்டார்கள். சலீம் அவர்கள் நடுவில் இருந்தான். காலில் சப்பாத்து. முகம் யாரோ ஏமாற்றிக் கூட்டிவந்தவனுடைய முகம்.

நாலேகால். பத்துப் பேர் சீருடையோடு நின்றார்கள். வாங்குப் பலகையில் ஒரு சீருடைப் பெனியன் மடித்தபடி கிடந்தது. தலைவர் அதைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கை போலந்து ஹாஃப்?"

"அந்தா நிக்கிறான் சேர், வெள்ளைத் துண்டோடை."

"அது கிரேக்கன்."

"ஓம் சேர். ரெண்டும் அவன்தான்."

சொன்னேன், சுருக்கமாக. கட்டுப்போட்ட காலையும் சொன்னேன். தலைவரின் முகத்தில் வேர்த்தது. புது கோட்டைக் கழற்றவும் முடியாது.

"போலந்துக் கப்டனிட்டைச் சொல்லி வேறை ஒருத்தனைக் கேளும்."

"கேக்கலாம் சேர். ஆனா அவர் போர்க்கப்பல் கப்டனுக்குப் பக்கத்திலை இருக்கிறார். கால் முறிஞ்ச மனிசனைச் சிறந்த ஹாஃப் எண்டு நாங்கள் தெரிஞ்ச கதையை ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்லவேணும்."

தலைவர் பந்தலைப் பார்த்தார். இரண்டு கப்டன்களும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடை ஆக்கள் ஆர் சப்பாத்தோடை நிக்கினம்?"

"சலீம் நிக்கிறான்."

"அவன் எப்பிடி..." என்று தொடங்கியவர், என்னை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டு, கேள்வியை விழுங்கினார். நேரம் இல்லை. "சரி, இறக்கும். பெயரை மாத்த வேண்டாம். ஒலிபெருக்கியிலை அந்தப் போலந்துப் பெயரையே வாசியும்."

தம்பிமாரே, இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. சலீம் போலந்துக்காரனாக விளையாடினால், திங்கட்கிழமை நிர்வாகத்திடம் போய் நிற்கும்போது அவன் சிறந்த பதினொருவரில் இல்லை. ஆட்டம் முழுக்க ஓடிவிட்டுத் திரும்பவும் வாசலில் நிற்க வேண்டியதுதான். நியாயம், வாக்கு, எட்டு வருஷம் என்று எனக்கு வாயில் வந்ததெல்லாம் உண்மை. அதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. அவசரத்தில் இருக்கும் பெரிய மனிதரிடம் நியாயம் கதைத்தால் அவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பார்க்க வேண்டும்.

"வாசிக்கிறன் சேர்," என்றேன். "ஆனா கிழக்குப் பக்கம் முழுக்கக் கிண்ணியா ஆக்கள். சலீமைப் பிறந்த நாளிலையிருந்து தெரிஞ்ச சனம். அவன் இறங்கேக்கை நான் போலந்துப் பெயரை வாசிச்சா விழுந்து விழுந்து சிரிப்பினம். ஏன் சிரிக்கினம் எண்டு போர்க்கப்பல் கப்டன் உங்களைத்தான் கேப்பார்."

தலைவர் கிழக்குப் பக்கத்தைப் பார்த்தார்.

"அவன்ரை பெயரையே வாசியும்," என்றார்.

வாசித்தேன். பதினோராவது, வலப்பக்க ஹாஃப், சலீம், துறைமுகத் தொழிலாளர் அணி. கிழக்குப் பக்கத்தில் எழும்பிய சத்தத்தில் மான்கள் தாமாகவே ஓடிவிட்டன. சலீம் மட்டும் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவனைத் தூக்கி விட்டார்கள்.

அவன் அபாரமாக விளையாடினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இடப்பக்கத்திலேயே விளையாடிப் பழகியவன்; வலப்பக்கத்தில் விட்டால் கால் தானாக இடப்பக்கம் போய்விடுகிறது. எங்கள் அணிக்கு இடப்பக்கத்தில் இரண்டு பேர், வலப்பக்கத்தில் ஒருவரும் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். மூன்றில் இரண்டு அவன் விட்டுப்போன பக்கத்தால் வந்தது. எங்கள் ஒரு கோலை வெள்ளைத் துண்டுக்காரன் அடித்தான். ஒருவனாகவே விளையாடியும் அடித்தான்.

"உம்மடை ஏழாவது ஆள் இண்டைக்கு எத்தனையாவது?" என்று மாஸ்ரர் காதுக்குள் கேட்டார். நான் என் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஆனால் நிர்வாகத்தின் வாக்கு, நன்றாக விளையாடியவனுக்கு அல்ல, பதினொருவரில் இடம்பிடித்தவனுக்கு. ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்ட பெயரை எவராலும் இல்லையென்று சொல்ல முடியாது. அதிலும் தலைவர் பரிசளிப்பில் எழுந்து, இத்தனை தேசத்து ஆட்டக்காரர் நடுவே நமது துறைமுகத்தின் சாதாரண தொழிலாளி ஒருவனுக்கு இடம் கொடுத்தே தீருவது என்று தான் நின்றதாகப் பேசினார். போர்க்கப்பல் கப்டன் கை தட்டினார். தலைவர் சலீமைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்கக் கை கொடுத்தார். சலீமின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு தலைவராலும் பின்வாங்க முடியாது. நிரந்தரக் கட்டளைக்கு அவரே போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். என்னை எங்கும் மாற்றவில்லை. என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டளை கிடைத்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது. சலீம். இடுப்பில் புதுச் சாரம். சைக்கிள் கைப்பிடியில் வாழையிலை சுற்றிய ஒரு முழு அறுக்குளா மீன் தொங்கியது. வால் நிலத்தில் முட்டாமல் இருக்க மடித்துக் கட்டியிருந்தான். பதினாறு துண்டாவது தேறும் என்று பார்த்த உடனேயே என் கண் சொல்லிவிட்டது. மனைவி குசினியிலிருந்து சட்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"உள்ளை வாரும் சலீம்," என்றேன்.

"இல்ல சேர், பிந்தினா மீன் பழுதாப் போயிரும். தலைவர்ர வீடு இந்த ஒழுங்கைதானே?"

நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு அந்த மனுசன் விடாப்பிடியா நிக்காட்டி நான் இண்டைக்கும் வாசல்லதான்," என்றான். பிறகு, என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, "நீங்களும் சப்பாத்தக் கொண்டு வரச் சொன்னீங்கதானே," என்று சேர்த்துக்கொண்டான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதி நாள் உண்மையை மறைத்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஒழுங்கையைத் தாண்டித் தலைவரிடம் போகும். அவர் கையெழுத்து வாங்கிக் கொடுத்த கட்டளையின் மை இன்னும் காயவில்லை.

"இதாலை நேரை போம்," என்றேன். "நாலாவது வீடு, பச்சைக் கேற். நாய் அவிழ்த்து விட்டிருக்கும். மணியை அடிச்சிட்டு வெளியிலை நில்லும், மீனை உயரப் பிடியும்."